மூன்று முயல்கள், ஒரு தோட்டம், தினம் 40 வரிகள்: மனச்சோர்வோடு 68 வயது வரை வாழ்ந்த கவிஞர் வில்லியம் கூப்பர்

1774-ம் ஆண்டு. இங்கிலாந்தின் பக்கிங்காம்ஷயரில் ஓல்னி என்ற சின்ன ஊர். லேஸ் பின்னிப் பிழைக்கும் ஏழைக் குடும்பங்கள் நிறைந்த இடம். அங்கே ஒரு வீட்டில் 42 வயது மனிதர் ஒருவர் இருந்தார். புத்தகத்தைத் திறந்தால் மனம் ஓடாது. நாலு பேரோடு உட்கார்ந்து பேசவும் முடியாது. ஆனால் சும்மா இருந்தால் மனம் அவரைத் தின்றுவிடும் என்பது மட்டும் அவருக்கு நன்றாகத் தெரியும்.

அப்போது பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் ஒரு காட்டு முயல் குட்டி இருந்தது. கொஞ்ச நாள் ஆசையாக விளையாடிய பிள்ளைகள், பிறகு அதற்குத் தீனி போடவே மறந்துவிட்டார்கள். குட்டி மெலிந்துபோவதைப் பார்த்த அவர்களின் அப்பா, 'நீங்கள் வைத்துக்கொள்கிறீர்களா?' என்கிற மாதிரி இவரிடம் கேட்டார். இவரும் சரி என்றார்.

அந்த மனிதர்தான் வில்லியம் கூப்பர். ஆங்கில இலக்கியத்தின் முக்கியமான கவிஞர்களில் ஒருவர். நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டினுக்குப் பிடித்த கவிஞர். உலகம் முழுக்க ஆங்கில ஆராதனைகளில் இன்றும் பாடப்படும் சில கிறிஸ்தவப் பாடல்களை எழுதியவர். அதே நேரம், வாழ்நாளில் நான்கு முறை மனதளவில் முழுவதுமாக உடைந்துபோனவர். உயிரை மாய்த்துக்கொள்ள ஒரு முறைக்கு மேல் முயன்றவர்.

இத்தனைக்கும் பிறகு அவர் 68 வயது வரை வாழ்ந்தார். அவரைத் தாங்கிப் பிடித்தது எது? கிறிஸ்தவ நம்பிக்கையா, நண்பர்களா, தினசரிப் பழக்கங்களா? நேரான ஒரு பதில் இல்லை. கூப்பரின் கதை முக்கியமாவது அதனால்தான்.

6 வயதில் அம்மா இல்லை

1731 நவம்பரில், ஹெர்ட்ஃபோர்ட்ஷயரின் பெர்க்காம்ஸ்டெட் ஊரில் பிறந்தார் கூப்பர். அப்பா அந்த ஊரின் ஆங்கிலிக்கன் பாதிரியார். பெற்றோருக்குப் பிறந்த ஏழு குழந்தைகளில் பிழைத்தவர்கள் இரண்டே பேர்: மூத்தவர் வில்லியம், கடைசித் தம்பி ஜான். அந்தத் தம்பி பிறந்த சில நாட்களிலேயே, 1737-ல் அம்மா இறந்துபோனார். அப்போது வில்லியமுக்கு 6 வயதுகூட நிறையவில்லை. 50 ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, உறவினர் ஒருவர் அம்மாவின் ஓவியத்தை அனுப்பி வைத்தபோது, கூப்பர் அதைத் தன் படுக்கையறையில் மாட்டிவைத்தார். அதைப் பற்றி ஒரு கவிதையும் எழுதினார். அந்த இழப்பு அவருக்குள் ஆறவே இல்லை.

அம்மா போனதும் அனுப்பப்பட்ட விடுதிப் பள்ளியில் ஒரு பெரிய பையன் அவரை விடாமல் கொடுமைப்படுத்தினான். அவன் முகத்தை நிமிர்ந்து பார்க்கவே பயந்த கூப்பருக்கு, அவனுடைய ஷூ பக்கிள்தான் அடையாளம். இன்று நாம் புல்லியிங் என்று சொல்வதன் 18-ம் நூற்றாண்டு வடிவம் அது.

அடுத்து லண்டனின் புகழ்பெற்ற வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளி. அங்கே கூட படித்தவர்களில் ஒருவர் வாரன் ஹேஸ்டிங்ஸ். பிறகு சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் கவுன்சில் உறுப்பினராக இருந்து, வங்காளத்தின் கவர்னர் ஜெனரல் ஆன அதே ஹேஸ்டிங்ஸ்தான். கூடப் படித்தவர் ஒரு நாட்டின் தலைவிதியை மாற்றிக்கொண்டிருந்த ஆண்டுகளில், கூப்பர் காலையில் படுக்கையிலிருந்து எழவே போராடிக்கொண்டிருந்தார்.

ஒரு நேர்காணல் உடைத்துப்போட்ட வாழ்க்கை

வீட்டின் விருப்பப்படி சட்டம் படித்தார். 1754-ல் வழக்கறிஞரும் ஆனார். மனம் மட்டும் அதில் ஒட்டவே இல்லை. 20-களின் தொடக்கத்திலேயே முதல் மனச்சோர்வு வந்துவிட்டது. மாமன் மகள், சித்தப்பா மகள் என்று எல்லோரையுமே 'கசின்' என்று சொல்லும் அந்த ஊரில், தன் கசின்களில் ஒருவரான தியோடோராவை விரும்பினார். அவருடைய அப்பா சம்மதிக்கவில்லை. இருவருமே கடைசி வரை திருமணம் செய்துகொள்ளவில்லை. கூப்பர் எழுதித் தந்த கவிதைகளைத் தியோடோரா தன் மரணம் வரை பத்திரமாக வைத்திருந்தார்.

1763-ல் உறவினர் ஒருவரின் செல்வாக்கால் பிரபுக்கள் சபையில் நல்ல வேலை ஒன்று தேடி வந்தது. சபையின் நடவடிக்கைக் குறிப்புகளைப் பராமரிக்கும் பதவி. ஆனால் நியமனத்தில் தகராறு கிளம்பியதால், சபையின் முன் நின்று கேள்விகளுக்குப் பதில் சொல்லித் தகுதியை நிரூபிக்க வேண்டும் என்றார்கள்.

எல்லோர் முன்னாலும் நிற்க வேண்டும் என்ற அந்த ஒரு எண்ணமே அவரை உடைத்துவிட்டது. மாதக்கணக்கில் தயாரானார். பக்கங்கள் கண்ணில் பட்டன, மூளைக்குள் எதுவும் ஏறவில்லை. நாள் நெருங்க நெருங்க, உயிரை விடுவதுதான் ஒரே வழி என்று முடிவெடுத்து முயன்றார். நல்லவேளையாகப் பிழைத்தார்.

வேலை கைவிட்டுப் போனது. அதைவிடப் பெரிய பாரம் குற்ற உணர்வு. தான் மன்னிக்கவே முடியாத பாவி, கடவுள் தன்னைத் தள்ளிவிட்டார் என்று நம்பத் தொடங்கினார்.

தோட்டத்து பெஞ்சில் இருந்த வேதாகமம்

1763 டிசம்பரில் செயின்ட் ஆல்பன்ஸில் மருத்துவர் நத்தானியேல் காட்டன் நடத்திய மனநலக் காப்பகத்தில் சேர்க்கப்பட்டார். மனநோயாளிகளைச் சங்கிலியில் கட்டுவது சாதாரணமாக இருந்த காலம் அது. காட்டன் அந்த வகை ஆள் இல்லை. தானும் கவிதை எழுதுபவர், பக்தியுள்ளவர், நோயாளியிடம் உட்கார்ந்து பேசுபவர். கூப்பருக்குக் கிடைத்த பெரிய அதிர்ஷ்டம் இதுதான்.

சில மாதங்கள் கழித்து, தோட்டத்தில் நடந்தபோது பெஞ்சில் ஒரு வேதாகமம் கிடந்தது. திறந்தார். யோவான் சுவிசேஷத்தின் 11-ம் அதிகாரம், இறந்துபோன லாசருவை இயேசு எழுப்பும் பகுதி. இவ்வளவு இரக்கம் உள்ளவர் தன்னை மட்டும் ஏன் வெறுக்கப்போகிறார் என்று முதல்முறையாக ஒரு சந்தேகம் வந்தது. பிறகு ஒருநாள் ரோமர் நிருபத்தின் 3-ம் அதிகாரம் 25-ம் வசனத்தைப் படித்தபோது, தன் பாவங்களுக்கும் மன்னிப்பு உண்டு என்று உறுதியாக நம்பினார். அவர் வாழ்வின் திருப்புமுனை அது. அதற்குப் பிறகும் ஓர் ஆண்டு வரை காப்பகத்தில் தங்கி, 1765 ஜூனில் வெளியே வந்தார்.

மருத்துவரின் பராமரிப்பும், வேத வசனமும், நேரமும் சேர்ந்துதான் அவரை எழுப்பின. ஒன்றை விட்டு மற்றதைச் சொன்னால் கதை முழுமை ஆகாது.

தனியாக இருக்கப் பார்த்தார், செட் ஆகவில்லை

கேம்பிரிட்ஜில் இருந்த தம்பிக்கு அருகில் இருக்கலாம் என்று ஹன்டிங்டன் ஊரில் வீடு பிடித்துத் தனியாகக் குடியேறினார். தனியாகக் குடித்தனம் நடத்தியதில் மூன்றே மாதத்தில் ஒரு வருட வருமானம் காலி! பணத்தைவிடப் பெரிய பிரச்சினை, மாலை நேரங்களில் பேச ஆள் இல்லாதது. ஜெபத்தில்கூட மனம் வறண்டுபோவதை உணர்ந்தார்.

அந்தச் சமயத்தில்தான் தேவாலயத்தில் பார்த்த ஓர் இளைஞர் பேச்சுக் கொடுத்தார். பெயர் வில்லியம் அன்வின். அப்படியே அவருடைய வீட்டுக்குப் பழக்கம் ஏற்பட்டு, 1765 நவம்பரில் அந்தக் குடும்பத்தோடேயே தங்கிவிட்டார் கூப்பர். அந்த வீட்டின் தலைவி மேரி அன்வின், கூப்பரைவிட ஏழு வயது மூத்தவர். அடுத்த 31 ஆண்டுகள், தன் மரணம் வரை, கூப்பரின் கூடவே இருந்தவர் இவர்தான்.

அந்த வீட்டில் ஒரு நாள் எப்படிப் போனது என்பதைக் கூப்பரே கடிதத்தில் விவரித்திருக்கிறார். சுருக்கமாக:

• காலை 8 முதல் 9 மணிக்குள் உணவு. பிறகு 11 மணி வரை வேதாகமம் அல்லது ஒரு பிரசங்கம் வாசிப்பு.

• 11 மணிக்குத் தேவாலய ஆராதனை.

• 12 முதல் 3 மணி வரை அவரவர் விருப்பம்: படிப்பு, நடை, குதிரைச் சவாரி, தோட்ட வேலை.

• மதிய உணவுக்குப் பின் தோட்டத்தில் பேச்சு. மழை என்றால் வீட்டுக்குள் பேச்சும் பாட்டும்.

• தேநீருக்குப் பிறகு நீண்ட நடை. பெரும்பாலும் நான்கு மைல் ஆகிவிடும்.

• இரவில் வாசிப்பு அல்லது உரையாடல், கடைசியில் குடும்ப ஜெபம்.

பார்க்கப் பெரிய விஷயம் எதுவும் இல்லை. ஆனால் ஒரு நாளை எப்படித் தள்ளுவது என்ற கேள்வியே அந்த வீட்டில் எழவில்லை. அடுத்த மணி நேரத்துக்கு என்ன வேலை என்பது முன்கூட்டியே தெரியும், அதைக் கூடச் செய்ய ஆளும் உண்டு.

நியூட்டன் என்ற நண்பர்

1767-ல் மேரியின் கணவர் குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். அந்த நேரத்தில் ஆறுதல் சொல்ல வந்தவர் ஜான் நியூட்டன். ஒருகாலத்தில் அடிமை வியாபாரக் கப்பலின் கேப்டன், பிறகு மனம் மாறிப் போதகர் ஆனவர். 'அமேசிங் கிரேஸ்' பாடலை எழுதியவரும் இவரே. நியூட்டன் ஊழியம் செய்த ஓல்னிக்குக் கூப்பரும் மேரியும் குடிபெயர்ந்தார்கள்.

இரண்டு வீட்டுத் தோட்டங்களும் கிட்டத்தட்ட ஒட்டியே இருந்தன. நியூட்டன் நோயாளிகளையும் ஏழைகளையும் பார்க்கப் போகும்போது கூப்பரையும் அழைத்துப் போவார். ஜெபக் கூட்டங்களை நடத்தவும் சொல்வார். இருவரும் சேர்ந்து பாடல்கள் எழுதினார்கள். 1779-ல் வெளியான 'ஓல்னி ஹிம்ஸ்' தொகுப்பில் உள்ள 348 பாடல்களில் 60-க்கும் மேல் கூப்பருடையவை.

கூச்ச சுபாவம் உள்ள ஒருவரை நியூட்டன் அளவுக்கு மீறி மத வேலைகளில் இழுத்தார் என்று குறை சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. நியூட்டன் இல்லாவிட்டால் கூப்பர் எப்போதோ போயிருப்பார் என்பவர்களும் உண்டு. அடுத்து நடந்ததைப் பார்த்தால் இரண்டாவது கருத்துக்கும் கனம் இருப்பது புரியும்.

1773: நம்பிக்கையே முள்ளாகக் குத்தியபோது

1770-ல் தம்பி ஜான் இறந்தார். கூப்பருக்கும் மேரிக்கும் திருமணம் செய்துகொள்ளும் எண்ணம் இருந்தது. 1773 ஜனவரியில் திடீரென்று மீண்டும் இருள். கடவுளின் வழிகள் மனித அறிவுக்கு எட்டாதவை என்ற பொருளில் அவர் எழுதிய புகழ்பெற்ற பாடல் இந்தச் சரிவுக்குச் சற்று முன்பு பிறந்ததாகச் சொல்லப்படுகிறது.

அடுத்த மாதம் ஒரு கனவு. தன் கதை முடிந்துவிட்டது, கடவுள் தன்னைக் கைவிட்டுவிட்டார் என்று அந்தக் கனவில் தீர்ப்புக் கேட்டதாக நம்பினார். அதே ஆண்டு மீண்டும் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். திருமணப் பேச்சு நின்றுபோனது. அதற்குப் பிறகு அவர் தேவாலயத்துக்குள் போகவில்லை. மற்றவர்களுக்கு மன்னிப்பு உண்டு, எனக்கு மட்டும் இல்லை: வாழ்நாளின் மீதி 27 ஆண்டுகளும் பெரும்பாலும் இந்த எண்ணத்தோடேயே கழிந்தன.

விசுவாசம் வந்துவிட்டால் டிப்ரஷன் வராது என்று யாராவது சொன்னால், கூப்பரின் வாழ்க்கை அதை மறுக்கிறது. அவருடைய நோய், அவர் மிகவும் நேசித்த விஷயத்தையே எடுத்து அவர் மீது வீசியது.

அவர் நம்ப முடியாமல் தவித்தபோது, நம்பிக்கை உள்ளவர்கள் அவரை விட்டுப் போகவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஓராண்டுக்கும் மேல் நியூட்டன் தம்பதி தங்கள் வீட்டிலேயே கூப்பரையும் மேரியையும் வைத்துக்கொண்டார்கள். மேரி இரவு பகல் பார்க்காமல் கவனித்தார். ஊர் என்ன பேசும் என்று யோசிக்கவில்லை.

முயல், தச்சு, வெள்ளரி

1774-ல் சொந்த வீட்டுக்குத் திரும்பிய சமயத்தில் வந்ததுதான் அந்த முயல் குட்டி. ஒன்றை வாங்கிக்கொண்டார் என்று தெரிந்ததும், ஊரே முயல் பிடித்துக்கொண்டு வந்து நின்றது! மூன்றை மட்டும் வைத்துக்கொண்டார். பெயர்கள் பஸ், டைனி, பெஸ். மூன்றுமே ஆண்.

அவற்றுக்குத் தனித்தனி அறை வைத்துக் கூண்டு செய்யத் தானே தச்சு வேலையில் இறங்கினார். மாலையில் மூன்றும் வரவேற்பறைக் கம்பளத்தில் துள்ளும். டைனி கடைசி வரை முரடுதான், கிட்டப் போனால் முன்னங்காலால் குத்தும். பஸ் அப்படி இல்லை, மடியில் ஏறி உட்கார்ந்து அவருடைய முடியைக் கொறிக்கும். ஒருமுறை பஸ்ஸுக்கு உடம்பு சரியில்லாமல் போய், கூப்பர் மூன்று நாள் பார்த்துப் பார்த்துக் கவனித்தார். தேறியதும் அது அவருடைய கையை, ஒவ்வொரு விரல் இடுக்கையும் விடாமல் நக்கியதாம். அதை நன்றி என்றே கூப்பர் எடுத்துக்கொண்டார். இன்னொரு முறை பஸ் தப்பியோட, ஊர் முழுக்கத் துரத்தி, கடைசியில் தோல் பதனிடும் தொட்டியிலிருந்து தூக்கி வந்தார்கள்.

முயலைத் தொடர்ந்து தோட்டம். வெள்ளரி, முலாம்பழம் வளர்க்கக் கண்ணாடிச் சட்டங்கள், குளிர்காலச் செடிகளுக்குக் கண்ணாடி வீடு. மேசை, ஸ்டூல், பறவைக் கூண்டு என்று கை வேலைகள். கொஞ்ச காலம் ஓவியம். எதிலும் பெரிய நிபுணர் ஆகவில்லை. ஆக வேண்டும் என்று நினைக்கவும் இல்லை. முயலுக்குப் பசிக்கும், செடிக்குத் தண்ணீர் வேண்டும். இன்றைக்கு மனசு சரியில்லை என்று அவற்றிடம் சொல்ல முடியாது. எழுந்துதான் ஆக வேண்டும்.

மேரி கவனித்துப் பார்த்து அடுத்த வேலையைக் கொடுத்தார்: நீளமாக ஒரு கவிதை எழுதச் சொன்னார். 1782-ல் முதல் கவிதைத் தொகுப்பு வெளியானபோது கூப்பருக்கு வயது 50.

சிரிப்பு வந்த இரவு

1781-ல் அறிமுகமான லேடி ஆஸ்டின் கலகலப்பானவர். ஒரு மாலையில் கூப்பர் மிகவும் சோர்ந்திருப்பதைப் பார்த்து, குதிரை கட்டுக்கடங்காமல் இழுத்துப்போன ஒரு துணி வியாபாரியின் கதையைச் சொன்னார். இரவெல்லாம் சிரித்த கூப்பர், அதைப் பாட்டாகவே எழுதிவிட்டார். அதுதான் 'ஜான் கில்பின்'. பெயர் போடாமல் வெளியான அந்தப் பாட்டு லண்டனையே சிரிக்க வைத்தது.

எதைப் பற்றி எழுதுவது என்று கேட்டபோது, இதோ இந்த சோபாவைப் பற்றி எழுதுங்கள் என்று சொன்னவரும் லேடி ஆஸ்டின்தான். சோபாவில் தொடங்கிய அந்தக் கவிதை வயல், தோட்டம், குளிர்காலம், அடிமை முறை, கடவுள் என்று விரிந்து ஆறு பகுதிகள், சுமார் 5,000 வரிகள் ஆனது. 1785-ல் வெளியான 'தி டாஸ்க்' அவரை நாடறிந்த கவிஞர் ஆக்கியது. பல ஆண்டுகளாகத் தொடர்பில் இல்லாத கசின் லேடி ஹெஸ்கெத், தியோடோராவின் அக்கா, மீண்டும் கடிதம் எழுதத் தொடங்கினார். கூப்பரின் கடிதங்கள் இன்றும் ஆங்கிலத்தின் மிகச் சிறந்த கடிதங்களில் சேர்த்துப் பேசப்படுகின்றன.

அடுத்து ஹோமர். கிரேக்கக் காப்பியங்கள் இரண்டையும் ஆங்கிலத்தில் தர முடிவு செய்தார். கணக்கு ஒன்றுதான்: தினம் 40 வரி. 1784-ல் தொடங்கியது 1791-ல் புத்தகமாக வந்தது. இடையில் 1788-ல் அடிமை வியாபாரத்தை எதிர்த்து எழுதிய பாட்டுகள், அந்த இயக்கத்தின் குரலாகப் பரவின.

அப்படின்னா முழுசா குணமானாரா?

இல்லை. இதை மறைத்தால் அது பொய்க் கதை.

1786-ல் அழகான வெஸ்டன் அண்டர்வுட் கிராமத்துக்குக் குடிமாறிய சில நாட்களிலேயே, அன்று பேச்சுக் கொடுத்த நண்பர் வில்லியம் அன்வின் இறந்தார். 1787 ஜனவரியில் மீண்டும் ஆறு மாத இருள், மீண்டும் உயிரை விட ஒரு முயற்சி. மேரிதான் காப்பாற்றினார். ஜனவரி என்றாலே பயப்படும் அளவுக்கு ஆனார் கூப்பர்.

பிறகு மேரியைப் பக்கவாதம் தாக்கியது. இத்தனை ஆண்டு தன்னைப் பார்த்துக்கொண்டவரை இப்போது கூப்பர் பார்த்துக்கொண்டார். 1794-ல் கடைசிச் சரிவு. நாள்கணக்கில் பேசாமல், அசையாமல் உட்கார்ந்திருந்தார். யார் சொல்லியும் எழவில்லை. கடைசியில் மருத்துவரின் யோசனைப்படி மேரி, தனக்கு வெளியே கொஞ்சம் நடக்க ஆசையாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார். கூப்பர் எழுந்தார், அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார். தனக்காக எழ முடியாதவர், இன்னொருவருக்காக எழுந்தார்.

1795-ல் இளைய உறவினர் ஜான் ஜான்சன் இருவரையும் நார்ஃபோக்குக்கு அழைத்துப்போனார். 1796 டிசம்பரில் மேரி இறந்தார். ஜான்சன் அப்போதும் விடாமல் ஹோமரைத் திருத்தும் வேலையில் கூப்பரை உட்கார வைத்தார். 1799-ல் அந்தத் திருத்தம் முடிந்தது. கைவிடப்பட்டுக் கடலில் மூழ்கும் மாலுமியைப் பற்றிய 'தி காஸ்ட்அவே' அதே ஆண்டு எழுதியது. 1800 ஏப்ரல் 25 அன்று ஈஸ்ட் டெரமில் இயற்கையாக இறந்தார்.

கூப்பரின் கதை இன்று நமக்கு எதற்கு?

அவர் காலத்தில் மனச்சோர்வுக்கு மாத்திரை இல்லை, கவுன்சலிங் இல்லை. மனம் சரியான பிறகு வேலை செய்யலாம் என்று காத்திருக்காமல், சின்னச் சின்ன வேலைகளைத் திட்டமிட்டுச் செய்து மனதை மெல்ல மேலே கொண்டுவரும் 'பிஹேவியரல் ஆக்டிவேஷன்' என்ற முறை இன்று உளவியல் சிகிச்சையில் இருக்கிறது. அந்தப் பெயர் தெரியாமலேயே கூப்பரும் மேரியும் ஏறக்குறைய அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

வேலைக்காக ஊர் மாறி, ஒற்றை அறையில் போனோடு மட்டும் பேசும் வாழ்க்கையில் கூப்பரிடம் எடுத்துக்கொள்ள சில விஷயங்கள் உண்டு. கையில் ஒரு வேலை. நம்மை நம்பி ஓர் உயிர், அது தொட்டிச் செடியாகக்கூட இருக்கலாம். ஒரு நாளைக்கு முடிக்கக்கூடிய அளவு, கூப்பருக்கு அது 40 வரி. கூட நடக்க ஒருவர். ஜெபிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு, தன்னால் ஜெபிக்க முடியாத நாளில் தனக்காக ஜெபிக்கும் நண்பர்கள்.

எதுவும் அவருடைய நோயை அடியோடு அகற்றவில்லை. ஆனால் 1763-ல் முடிந்திருக்க வேண்டிய ஒரு வாழ்க்கைக்கு, ஒவ்வொரு நாளாகச் சேர்த்து 37 ஆண்டுகளைக் கொடுத்தன. ஓல்னியில் அவர் வாழ்ந்த வீடு இப்போது அருங்காட்சியகம். முயல்கள் துள்ளி விளையாடிய தோட்டமும், உட்கார்ந்து எழுதிய சின்ன அறையும் இன்றும் அங்கே இருக்கின்றன.

*(மனச்சோர்வு சிகிச்சை உள்ள நோய். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் தனியாக இருக்க வேண்டாம், உடனே யாரிடமாவது பேசுங்கள். மத்திய அரசின் டெலி மனஸ் உதவி எண்: 14416. தமிழக அரசின் சுகாதார உதவி எண்: 104.)*